போர்வையைத் தைத்தவள்

யோலாந்தா லோபெஸ் 1978-இல் வரைந்த சித்திரத்தில் குவாதலூப்பே மாதா ஓடி வருகிறாள். காலில் ஓட்டப் பந்தயக்காரர்கள் போடும் ஷூ. தொடைத் தசை திரண்டு நிற்கிறது. ஒரு கையில் பாம்பைக் கழுத்தோடு பிடித்திருக்கிறாள். மறு கையில் நட்சத்திரப் போர்வை காற்றில் விரிகிறது. அந்த முகம் லோபெஸின் முகமேதான்.

மெக்சிக வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வணங்கப்படும் மாதா இவள். 1531-இல் தெபெயாக் குன்றில் ஹுவான் தியேகோ என்ற பழங்குடி மனிதருக்குக் காட்சி தந்தாள் என்பது நம்பிக்கை. அவருடைய மேலாடையில் பதிந்ததாகச் சொல்லப்படும் அந்த உருவம் தலை தாழ்த்தி, கை குவித்து, பிறைமேல் அசையாமல் நிற்கும். கலிபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர்கள் 1966-இல் டெலானோவிலிருந்து சாக்ரமெண்டோவுக்கு நடந்தபோது இந்த மாதாவின் கொடியைத்தான் ஏந்திச் சென்றார்கள். அவர்களைப் போலவே லோபெஸுக்கும் அவள் சொந்தக்காரி. அந்த உரிமையில்தான் அவளை ஓடவிடுகிறார்.

ஆனால் இந்தப் படத்தோடு நின்றுவிடக் கூடாது. இது மூன்று படங்கள் கொண்ட வரிசையில் ஒன்று. இன்னொன்றில் லோபெஸின் தாய் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் அதே பொற்கதிர்கள். இயந்திரத்தில் கிடக்கும் துணி என்ன என்று பார்த்தால், மாதாவின் நட்சத்திரப் போர்வை! பிழைப்புக்குத் தையல் வேலை பார்த்த பெண் அவர். விண்ணிலிருந்து வந்ததாக நாம் எண்ணும் போர்வைக்கும் ஒருத்தி குனிந்து விளிம்படிக்க வேண்டியிருக்கிறது. தாயின் உழைப்பைப் புகழ்ந்து எழுதிய எத்தனையோ பக்கங்கள் இந்த ஒரு துணிக்கு ஈடாகா என்பேன்.

மூன்றாவது படத்தில் பாட்டி. அதே போர்வையை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். கையில் கத்தியும் உரித்த பாம்புத் தோலும். மூல உருவத்தில் பாம்பே கிடையாது. பேத்தி உயிரோடு பிடித்து ஓடுவதைப் பாட்டி எப்போதோ உரித்து முடித்துவிட்டார். அவர் ஓடவில்லை, தைக்கவில்லை; இருக்கிறார், அவ்வளவுதான். முதுமைக்கு அழகூட்டும் முயற்சியே இல்லாமல் இத்தனை கம்பீரமாக ஒரு பாட்டியை அதிகம் பேர் வரைந்ததில்லை.

எல்லாம் காகிதத்தில் எண்ணெய்ப் பாஸ்டல். அந்தக் குச்சியின் கொழகொழத்த அழுத்தம் மாதாவின் ஒளிக்குள்ளும் கைத்தடம் பதித்துவிடுகிறது. பளபளக்கும் அச்சுப் படங்களில் கிடைக்காத சூடு இது.

லோபெஸ் 1942-இல் எல்லை நகரமான சான் டியேகோவில் பிறந்தவர். சுவரொட்டி, நிறுவல் கலை, காணொளி என்று பல வடிவங்களில் இயங்கினார். கைக்குக் கிடைத்த பொதுப் பிம்பத்தில் ஒரே ஒரு இடத்தைத் திருப்பிப் போடுவது அவர் கைவந்த வித்தை. சான் பிரான்சிஸ்கோவில் 1969-இல் காவலர் ஒருவரைக் கொன்றதாக லத்தீன் அமெரிக்க வம்சாவளி இளைஞர்கள் எழுவர் குற்றம்சாட்டப்பட்டார்கள். அவர்களுக்காகச் செய்த சுவரொட்டியில் அமெரிக்கக் கொடியின் பட்டைகளையே சிறைக்கம்பிகளாக்கி, பின்னால் அவர்கள் முகங்களை வைத்தார். அந்தக் கொடியின் நிறங்கள் தெரிந்திருந்தால், ஓடும் மாதாவின் காலடியையும் ஒரு முறை பார்க்க வேண்டும். மூல உருவத்தில் அவளைத் தாங்கி நிற்கும் தேவதூதன் இங்கே கீழே கிடக்கிறான். அவன் சிறகுகளில் சிவப்பு, வெள்ளை, நீலம். மாதா அவனைத் தாண்டிக் குதிக்கிறாள்.