விடுமுறைப் பட்டியலில் புத்தர் யாருடைய ஆள்?

விடுமுறைப் பட்டியலும் ஒரு பிரதிதான். யாரை யாராக அங்கீகரிக்கிறோம் என்பதை அரசு அதில் எழுதி வைக்கிறது. தருமபுரியிலிருந்து கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போன எனக்கு இந்த வாசிப்பு ஒரு வெசாக் நாளில்தான் பிடிபட்டது.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள். வெசாக் அதில் ஒன்று. நம்ம விசாகம் என்கிற சொல்தான் அங்கே வெசாக். 2024இல் அவர்கள் வெசாக்கும் நம் வைகாசி விசாகமும் மே 22 அன்று ஒன்றாகவே வந்தன. லிட்டில் இந்தியாவில், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்திலேயே, ரேஸ் கோர்ஸ் சாலையில் சாக்கியமுனி புத்தகயா கோயில் இருக்கிறது. 1927இல் தாய்லாந்துத் துறவி ஒருவர் நிறுவியது. உள்ளே 15 மீட்டர் உயரப் புத்தர். நான் கிளம்பியபோது கூடத் தங்கியிருந்த தம்பி கேட்டான்: "அண்ணே, அது சீனன் கோயிலாச்சே. நமக்குத்தான் தீபாவளி இருக்குதில்ல?"

அவன்மேல் தப்பில்லை. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று அரசு நாலு பெட்டி வைத்திருக்கிறது. 1968இல் விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசம் போனது, தீபாவளி நின்றது. இந்தப் ‘பன்மைப் பண்பாடு’ பெட்டிகளுக்கிடையே சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறது, சரி. பெட்டிக்கு உள்ளே இருக்கிற ஏற்றத்தாழ்வு அதன் கண்ணில் படுவதில்லை. சேரிக்காரன் ஒருத்தன் சாதியை உதறப் புத்தரிடம் போகலாம் என்பதற்கு அந்தச் சொல்லாடலில் இடமே கிடையாது.

அந்த இடத்தைக் கேட்டவர் அயோத்திதாசர். 1898இல் இலங்கை போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். எங்க பக்கத்துக் கோலார் தங்கவயலில், மாரிகுப்பத்தில், சுரங்கத் தொழிலாளர் நடுவே சங்கம் வேர்விட்டது. ரங்கூனிலும் கிளை இருந்தது. புலம்பெயர்ந்த கூலித் தமிழனோடு பௌத்தமும் கப்பலேறியிருக்கிறது. தீபாவளியையே பௌத்தப் பண்டிகை என்று எழுதியவர் அவர். தம்பியிடம் இதைச் சொன்னேன். சிரித்தான்.

ஊருக்கு வந்து பார்த்தால் கதை இன்னும் மோசம். புத்த பூர்ணிமா மத்திய அரசு விடுமுறை. அன்றைக்குத் தருமபுரியில் தபாலாபீஸ் மூடியிருக்கும், கலெக்டர் ஆபீஸ் திறந்திருக்கும். தமிழக அரசின் பட்டியலில் மகாவீர் ஜெயந்தி உண்டு, 2021லிருந்து தைப்பூசமும் உண்டு, புத்தர் இல்லை. 1954இல் ஈரோட்டில் புத்தர் மாநாடு நடத்திய பெரியாரின் பேரைச் சொல்லி ஆண்டவர்களுக்கும் இது உறுத்தவில்லை.

1965 வரை எங்க மாவட்டம் சேலத்தோடு இருந்தது. அந்தச் சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிடப்பட்டது புத்தர் சிலைதான் என்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் முனியைக் கும்பிட்ட சனத்துக்கு என்ன பதில்? துறை வசம் போன புத்தர் சாதிக்கு எதிராகப் பேசுவாரா, பாதுகாக்கப்பட்ட பொருளாக உட்கார்ந்திருப்பாரா?

ஈழத் தோழர்கள் என்மேல் கோபப்படலாம். வெசாக் கூடு என்றால் அவர்களுக்கு ராணுவ முகாம் வாசல்தான் ஞாபகம் வரும். 1972இலேயே அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்த நாடு அது. 2009 மே, வெசாக் வாரத்தில் முள்ளிவாய்க்காலில் எறிகணை விழுந்துகொண்டிருந்தது. இந்தக் கோபத்தை நான் மறுக்கவில்லை. அரசு சுவீகரித்துக்கொண்ட புத்தர் என்ன ஆவார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதனால்தான் ‘எங்களுக்கும் ஒரு நாள் கொடு’ என்று கேட்பதில் எனக்குத் தயக்கம். கேட்கத்தான் வேண்டும், அதோடு நிறுத்தினால் இன்னொரு பெட்டிதான் கிடைக்கும். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி எரிக்கப்பட்ட மாவட்டம் இது. சிங்கப்பூரில் என்னோடு ஒரே சட்டியில் சாப்பிட்ட அந்தத் தம்பியும் இந்த மாவட்டத்துக்காரன்தான். அங்கே அவன் என் சாதியைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இங்கே அவன் ஊரில் இருக்கிறான், நான் காலனியில் இருக்கிறேன். வைகாசிப் பௌர்ணமிக்கு அரசு விடுமுறை விட்டால், அன்றைக்காவது நான் அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார முடியுமா? தோழர்கள் இதிலிருந்து விவாதத்தைத் தொடங்கலாம்.