நேர்த்திக்கடனும் நிவந்தமும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

தெய்வத்திற்கு அளிக்கப்பெற்ற எப்பொருளையும் ‘காணிக்கை’ என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்பது எளிது. ஆயின் அவ்வெளிமை இருவேறு செயல்களை ஒன்றாக்கிவிடுகிறது. உரோமானியக் கல்வெட்டுகளையும் ஆய் நாட்டுச் சாசனங்களையும் ஒப்பிடின் இது புலனாகும்.

உரோமானியப் பலிபீடங்களில் ‘வோட்டும் சொல்விட் லிபென்ஸ் மெரிட்டோ’ என்னும் தொடர் பெரும்பாலும் நான்கு முதலெழுத்துகளாகச் சுருங்கி நிற்கும். நேர்ந்துகொண்டதை மனமுவந்து, தெய்வத்தின் தகுதி கருதிச் செலுத்தினான் என்பது இதன் பொருள். ‘சொல்விட்’ என்பது கடன் தீர்த்தலையும் குறிக்கும் இறந்தகால வினை. வேண்டுதல் நிறைவேறிய பின்னரே கல் நிறுத்தப்பெறும். ஆதலின் அக்கல் கடன் தீர்ந்தமைக்குச் சான்றாகிறது. இவ்விடத்தில் ‘காணிக்கை’ பொருந்தாது. ‘நேர்த்திக்கடன்’ என்பதே ஏற்ற சொல். குறுந்தொகை 218ஆம் பாடலில் சூலிக்குரிய நேர்ச்சை ‘கடன்’ என்றே சுட்டப்படுவது ஈண்டு நோக்கற்குரியது. எனினும் ‘டோனும் டெடிட்’, அதாவது கொடையாகத் தந்தான், என்று மட்டும் வருமிடத்தில் கடன் என்னும் கருத்தைப் புகுத்துவது மிகையாகும்.

விழிஞ்ஞத்தைத் துறைமுகமாகக் கொண்ட ஆய் மரபினரின் சாசனம் வேறு இயல்பினது. கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் வழங்கிய பார்த்திவபுரச் செப்பேடு, முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றிப் பெற்றுத் திருமாலுக்குக் கோயில் எடுத்ததையும், 95 சட்டர்க்குச் சாலை அமைத்ததையும், அவர்தம் ஒழுக்க விதிகளையும் கூறுகிறது. அதன் நோக்கு கழிந்ததொரு வேண்டுதலன்று. இனி நடைபெற வேண்டிய ஒழுங்கு. இதனை நிவந்தம் என்பதே தகும். இதையோ, கோயிலுக்கு வைத்த நந்தாவிளக்கையோ ஐரோப்பிய மொழிகளில் நேர்ச்சைப் பொருளாகப் பெயர்த்தால், மூலத்தில் இல்லாத நிபந்தனையொன்று உள்ளே நுழைந்துவிடும். அறக்கட்டளையைத் தெய்வத்தோடு செய்த ஒப்பந்தமாகச் சமய வரலாற்றாசிரியர் பிறழக் கொள்ளவும் அது வழிவகுக்கும்.

மலையாள வழக்கும் இவ்வேறுபாட்டைத் தெளிவிக்கிறது. கிறித்தவரும் இசுலாமியரும் ‘நேர்ச்ச’ என வழங்க, இந்துக் கோயில்களில் ‘வழிபாடு’ என்னும் சொல்லே பெருவழக்கு. முன்னதில் ‘நேர்தல்’ என்னும் வினையடி வெளிப்படையாக நிற்கிறது, பின்னதில் அஃதில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்ப்பவர் அவ்வினையை இழக்கிறார்.

ஆகவே அளிக்கப்பெற்ற பொருள் விளக்கா, பீடமா, நிலமா என்பது மொழிபெயர்ப்பாளர்க்கு முதன்மையன்று. சாசனத்தின் வினை தீர்ந்த கடனைச் சொல்கிறதா, தொடர வேண்டிய கடமையை விதிக்கிறதா என்பதே முதற்கண் வினவத்தக்கது.