மெய் வீழ்ந்த இரவு

தமிழில் 'மெய்' என்னும் சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். புனைவையே தொழிலாகக் கொண்ட மேடையொன்றில் இவ்விரண்டும் ஒருங்கே வீழ்ந்த இரவைக் குறித்து இங்கே சில கூற விழைகின்றோம்.

1999-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கன்சாஸ் நகரில், கெம்பர் அரங்கில், உலக மல்யுத்தக் கூட்டமைப்பு 'ஓவர் தி எட்ஜ்' என்னும் காட்சியை நடத்தியது. தனிக் கட்டணம் செலுத்தியோர் இல்லத்திலிருந்தே தொலைக்காட்சியில் காணுமாறு அமைந்த காட்சி அது. தொண்ணூறுகளில் மல்யுத்த வீரர் படம் பொறித்த சீட்டுகளைக் கொண்டு நம் வீட்டுச் சிறார் ஆடியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அச்சீட்டுகளின் உலகமே இது.

இம்மல்யுத்தத்தில் வெற்றி தோல்விகள் முன்னரே வகுக்கப்படுபவை. அதனால் இதனை இழித்துரைப்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கூத்திலும் முடிவு முன்பே அறிந்ததுதான். எதிராளிக்குத் தீங்கு நேராது வீழ்த்துவதும், தாம் தீங்கின்றி வீழ்வதும், கண்டோர் நெஞ்சம் பதறச் செய்வதும் பயின்று பெறும் கலைகளே. கனடாவின் கால்கரி நகரில், மல்யுத்தமே குலத்தொழிலான குடும்பத்திற் பிறந்த ஓவன் ஹார்ட் அக்கலையில் தேர்ந்தவர்.

அன்று அவருக்கு 'ப்ளூ ப்ளேசர்' என்னும் கோமாளி வீரன் வேடம். கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி, மேடைக்குச் சற்று மேலே கொக்கியை விடுவித்துக் குப்புற விழுந்து நகைப்பூட்ட வேண்டும் என்பது திட்டம். அதற்கெனப் பூட்டிய கொக்கியோ எளிதில் திறக்கும் வகையினது. அது உயரத்திலேயே திறந்துகொண்டது. 70 அடிக்கும் மேலிருந்து வீழ்ந்த அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 34.

அவர் வீழ்ந்த கணத்தில் வீட்டுத் திரையில் முன்னரே பதிவு செய்த காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஆதலின், நேர்ந்தது கேளிக்கையின் பகுதியன்று என்பதை வருணனையாளர் ஜிம் ராஸ் வற்புறுத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. பொய்யை நம்பவைத்துப் பழகிய மேடைக்கு மெய்யை நம்பவைப்பது அரிதாயிற்று. பின்னர் மரணச் செய்தியையும் அவரே கண்ணியத்துடன் தெரிவித்தார். அரங்கிலிருந்த ஆயிரக்கணக்கானோருக்கோ அது அறிவிக்கப்படவில்லை. காட்சி தொடர்ந்தது. ஓவனின் தோழரும் ஆட்டக் கூட்டாளியுமாயிருந்த ஜெஃப் ஜாரெட் அடுத்த ஆட்டத்திற்கு அதே மேடை ஏறினார். இறுதியில், பிணம் அடக்குவோன் வேடம் பூண்ட அண்டர்டேக்கர், ஸ்டீவ் ஆஸ்டினை வென்று பட்டம் சூடினார். மெய்யான மரணம் மறைக்கப்பட்ட அரங்கில் வேடமிட்ட மரணம் கொண்டாடப்பட்டது.

அரபு இலக்கியவாணர் பேச்சை 'ஜித்து' என்றும் 'ஹஸ்ல்' என்றும் பிரித்துக் காண்பர். முன்னது மெய்யாகவே கருதிச் சொல்வது, பின்னது வேடிக்கை. வேடிக்கை குற்றமன்று. அது எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்றறியாமையே குற்றம்.

காட்சியை நிறுத்தியிருப்பின் பெருங்கூட்டத்தில் குழப்பம் விளைந்திருக்கும் என்பார் உண்டு. இவ்வாதத்தை அக்கூட்டமைப்பின் செயலே மறுக்கின்றது. மறுநாள் செயின்ட் லூயிஸ் நகரில் வீரர்கள் தம் கதைப் பகைமைகளை ஒதுக்கிவைத்து, ஓவனை நினைந்து கண்ணீருடன் பேசினர்; கூடியிருந்தோரும் அத்துயரில் பங்குகொண்டனர். மறுநாள் இயன்றது முதல்நாள் இயலாமற் போனதேன்? மனமில்லாமையன்றி வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

குடும்பத்தார் தொடுத்த வழக்கு 2000-ஆம் ஆண்டில் 1 கோடியே 80 லட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது. பல்லாண்டுகள் வெளியிடப்படாதிருந்த அக்காட்சி, 2014-இல், விபத்துப் பகுதிகள் நீக்கப்பட்டு, ஓவனுக்கு அஞ்சலி சேர்க்கப்பட்டு வெளிவந்தது. நீக்கத்தக்கன அவர் வீழ்ந்த பின் நடந்த ஆட்டங்களே என்பது நம் கருத்து.

மல்யுத்தம் காணும் பிள்ளைகளிடம் 'எல்லாம் பொய்' என்று நாம் சொல்லிவிடுகின்றோம். அது பாதியே சரி. வெற்றி பொய், பகை பொய், வீழும் உடல் மட்டும் மெய். அதனையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதே பெரியோர் கடன்.