நின்றதும் நிறுத்தியதும்

2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் கார் ஆலை திறக்கப்பட்டு, கொமாட்சு என்றும் யமஹா என்றும் பெயர்ப்பலகைகள் இந்த வட்டாரத்தில் எழும்பி, 'கைஸன்', 'கன்பன்' என்ற ஆலைச் சொற்கள் ஸ்ரீபெரும்புதூர் டீக்கடை பெஞ்சு வரையில் வந்து உட்கார்ந்துவிட்ட பிறகும், அச்சொற்கள் பிறந்த ஜப்பானிய பாஷையைக் கற்க அழைத்தால், "அது சித்திர எழுத்து சார், நமக்கு வராது" என்று நம் இளைஞர்கள் விலகிப்போவதைக் காணும்போதெல்லாம் எனக்கு உண்டாகும் மனத்தாங்கல் கொஞ்சமன்று. வருகிற சிலரோ என்5, என்4 என்று பரீட்சைப் படிகளையே எண்ணிக்கொண்டு வந்து, சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பாயசத்தை வாங்கி, அளவு சரிதானா என்று பார்த்துவிட்டுக் கீழே வைப்பதற்கு ஒப்பானது இது.

அடிப்படைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒலியெழுத்துக்களான ஹிரகனா 46, கதகனா 46. நித்திய அப்பியாசம் இருந்தால் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'ஒரகடம் கரா சென்னை மதே' என்றால் ஒரகடத்திலிருந்து சென்னை வரை. தமிழருக்கு இதில் என்ன சிரமம்? மேலே போவோம்.

திரும்பு, திருப்பு, ஓடு, ஓட்டு என்று பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்தோமே, அந்தப் பேதந்தான் ஜப்பானிய மொழியின் ஜீவநாடி. 'தொமாரு' என்றால் நில். 'தொமெரு' என்றால் நிறுத்து. இந்த இரட்டைகளின்மேல் துணைவினை ஏறி உட்காரும்போதுதான் ரசம் பிறக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் இங்குள்ள ஆலை ஒன்றில், ஜப்பானிய நிபுணர் ஒருவர் பிரஸ் இயந்திரத்தைச் சுட்டி, "தொமெத்தே அரிமஸ்" என்றார். உடனிருந்த இளம் மொழிபெயர்ப்பாளர், "மிஷின் நின்னுபோச்சு" என்று சொல்ல, மெயின்டனன்ஸ் ஆட்கள் ஸ்பானர் பெட்டியோடு ஓடிவந்து மூடியைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். 'தொமாத்தே இமஸ்' என்றிருந்தால் அவர்கள் வந்தது நியாயம். அது, தானாக நின்று, நின்றபடி இருப்பதைக் குறிக்கும். அவர் சொன்னதோ, யாரோ ஒரு காரியத்தை உத்தேசித்து நிறுத்தி, அந்த நிலையிலேயே விட்டிருக்கிறார் என்பது. நிறுத்தியவர் யார் என்ற பேச்சே வாக்கியத்தில் இல்லை. ஆனால் ஒரு கை வந்துபோன தடம் இருக்கிறது.

'வாசலில் கோலம் போட்டிருக்கிறது' என்று நாம் சொல்வதில்லையா? போட்டவர் பெயர் இல்லை; ஆயினும் கோலம் தானாக முளைத்ததென்று யாரும் எண்ணமாட்டார்கள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் பிள்ளைக்கு, 'சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறது' என்ற சொல்லில், தூங்கிப்போன தாயின் கை தெரிகிறதே, அதுவேதான் 'தே அரு' ('அரு', 'இரு' என்பவற்றின் மரியாதை வடிவங்களே 'அரிமஸ்', 'இமஸ்'). இவ்வளவு நுட்பமான பிரயோகம் நம் நாக்கிலேயே இருக்க, அதைச் சூத்திரம்போல் மனப்பாடம் செய்யச் சொல்லும் கைடு புத்தகங்களை என்னென்பது!

இன்னொன்றையும் உங்களிடம் அந்தரங்கமாகச் சொல்கிறேன். நமக்கு உயிருள்ளதற்கும் அற்றதற்கும் 'இரு' ஒன்றே போதும். ஜப்பானியருக்கு உயிருள்ளதற்கு 'இரு', ஜடப்பொருளுக்கு 'அரு'. அப்படியிருந்தும் தானாக நின்ற இயந்திரத்துக்கு 'இரு'வையும், மனிதன் நிறுத்திய இயந்திரத்துக்கு 'அரு'வையும் கொடுக்கிறார்கள். இதை நினைத்து நினைத்து நான் தூக்கமிழந்த இரவுகள் உண்டு.

அவர்களுக்கும் 'இரு', நமக்கும் 'இரு' என்றவுடன் மேடையேறிவிடுவோர் சிலர் உளர். ஓனோ சுசுமு (1919-2008) என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவுண்டென்று நெடுங்காலம் ஆராய்ந்து எழுதினார். மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அவருடைய உழைப்பை வணங்குகிறேன். ஆனால் ஒலி ஒத்த சொற்களை அடுக்கிக் கைதட்டல் வாங்குவது ரசனையாகாது. எதிர்வீட்டுப் பெண்ணின் பாட்டை ரசிக்க அவள் நமக்கு அத்தை மகளாக இருக்க வேண்டுமா?

இனி, சித்திர எழுத்து என்று நம் இளைஞர்கள் அஞ்சும் காஞ்ஜி. அவ்வெழுத்துக்களில் அன்றாட உபயோகத்துக்கென அரசு வகுத்தவை 2136. மலைக்கு மூன்று சிகரம், மரத்துக்குக் கிளை என்று படம் காட்டும் அட்டைகளை ஒதுக்குங்கள். படமாகப் பிறந்தவை சொற்பமே. தினம் பத்து எழுத்தென்று கணக்கு வைக்கும் செல்போன் செயலிகளையும் ஒதுக்குங்கள். ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு அதன் பாகங்களைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் ஆலையில் ஒழுங்கு விதிகளைச் சொல்லும் 'ஃபைவ் எஸ்' பலகையில் ஐந்தாவதாக இருப்பது 'ஷித்ஸுகே'. ஒழுக்கம் என்று நாம் பெயர்த்துவிடும் அந்த எழுத்தில், இடப்புறம் உடல், வலப்புறம் அழகு. சீனத்திலிருந்து வந்ததன்று, ஜப்பானியர் தாமே அமைத்தது. உழைப்பைக் குறிக்கும் 'ஹதராகு'வும் அப்படியே: அசைவு என்ற எழுத்தின் அருகில் மனிதன் நிற்கிறான்.

தானியங்கியாக்குதலை 'ஜிடோகா' என்பார்கள். அகராதி அதை வெறும் அசைவைக்கொண்டு எழுதும். டொயோட்டாக்காரர்கள் அந்த மனிதனையும் சேர்த்து எழுதுகிறார்கள். உச்சரிப்பு ஒன்றே, காதுக்குத் தெரியாத பேதம் கண்ணுக்கு மட்டும் தெரியும். 1924இல் அவர்களின் மூலவரான டொயோடா சகிச்சி உருவாக்கிய தறி, இழை அறுந்தால் தானே நின்றுவிடும். நின்ற அந்தத் தறியை இலக்கணம் 'தொமாத்தே இரு' என்றே சொல்லச் சொல்கிறது. அதை நிற்கப் பழக்கியவரின் கைக்கு வாக்கியத்தில் இடமில்லை. எழுத்தின் இடப்புறத்தில், இரண்டே கோடுகளில், அவர் நின்றுகொண்டிருக்கிறார்.