யார் வைத்த பேர்?

வம்சாவளி எழுதுகிற கணினி மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரே தரநிலையில்தான் விவரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன. ஜெட்காம் என்று பேர். செத்துப்போன முன்னோர்களுக்கும் ஞானஸ்நானம் நடத்தும் அமெரிக்க மார்மன் சபை 1984-இல் கொண்டுவந்தது. 2021-இல் வந்த ஏழாம் பதிப்பை உட்கார்ந்து வாசித்தேன். அதில் சாதிக்கென்றே ஒரு குறி இருக்கிறது, ‘காஸ்ட்’. ஒருவரின் சமூகத் தகுதிநிலை என்று விளக்கம். இனம், மதம், செல்வம், பரம்பரை, தொழில் இவற்றையொட்டி வருமாம். வருமாம்! யாரால் வந்தது என்ற கேள்வியே அங்கே இல்லை.

எங்கள் பக்கத்துக்கு இது புதுசு இல்லை. காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் கணினிக்கு வெகுகாலம் முன்பே ஒரு தரநிலை வைத்திருந்தார்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில். கல்யாணமானால் கோயிலில் ஒரு புள்ளி. கோயில் மாலை வந்தால்தான் அது கல்யாணம். யார் பங்காளி, யாருக்குப் பெண் கொடுக்கலாம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். நேர்த்தியான ஏற்பாடு, மறுக்கவில்லை. அந்த வீடுகளுக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் எந்தப் புள்ளி?

எங்களிடம் ஏடு இல்லாததற்குக் காரணம் உண்டு. 1931-இல், இந்த ஊர்களும் சேர்ந்திருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்குப் பதினோரு தடை போட்டார்கள். ஹட்டன் தன் நூலில் பதிந்திருக்கிறார். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டை மேய்க்கணும் என்பதும் அதில் அடக்கம். படிக்காதேன்னு சொல்லிப்புட்டு, பெறகு ஏடு எங்கேன்னு கேட்டா?

எங்க அப்பத்தாவை மென்பொருளில் ஏற்றிப் பார்த்தேன். வீட்டுல வச்ச பேரு ஒண்ணு. வேலைக்குப் போன வீட்டுல கூப்பிட்டது ஒண்ணு. அந்த வீட்டம்மாவுக்கும் அதே பேராம், அதனால மாத்திட்டாக. ரேஷன் கார்டில் மூணாவது. ஏழாம் பதிப்பு பேர்களை வகை பிரிக்கிறது: பிறந்த பேர், கல்யாணத்துக்கு முந்தின பேர், பிந்தின பேர், குடியேறியவர் பேர், தொழில் பேர், மாற்றுப் பேர். கடைசியில் ‘மற்றவை’. பண்ணை வீடு வச்ச பேர் அங்கே போய் விழுகிறது.

சாதிப் பேரும் நிலையாக நிற்பதில்லை. அதே 2021-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பள்ளன், குடும்பன், பண்ணாடி முதலான ஏழு பேர்கள் தேவேந்திரகுல வேளாளர் ஆயின. அப்பத்தா சான்றிதழில் ஒன்று, பேத்தி சான்றிதழில் வேறொன்று. தேதி போட, சான்று காட்ட, மறைத்துவைக்க ஜெட்காமில் இடம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் விருப்பப்பட்டால்தான்.

சாதிப் பெட்டியே வேண்டாம் என்கிறார்கள் சில தோழர்கள். எனக்குச் சம்மதமில்லை. பெட்டியை எடுத்துவிட்டால் அந்தப் பதினோரு தடையும் கூடவே காணாமல் போகும். பெட்டி இருக்கட்டும், யார் சொன்னது, எப்போது, எந்த அதிகாரத்தில் என்று எழுதாமல் அது மூடக் கூடாது. கோப்பு வெளியே போகும்போது சாதி தானாகவே மறைந்திருக்க வேண்டும், திறப்பது அந்தக் குடும்பத்தின் இஷ்டம்.

அடிக்கோடு போட்டுச் சொந்தக் குறி சேர்க்கத் தரநிலை அனுமதிக்கிறது. ‘அழைத்தவர்’ என்று ஒன்று சேர்த்து, அப்பத்தாவின் இரண்டாம் பேருக்குக் கீழே அந்த வீட்டு விலாசத்தை எழுதி வைத்திருக்கிறேன். வேறொரு மென்பொருளில் திறந்தால் அந்த வரி கண்ணில் படாமலும் போகலாம்.