ஜன்னலில் நிற்பவள்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே, மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை பிறந்த இடம் இதுதான் என்பது ஊர் ஐதீகம். இருபது பாட்டிலும் பேசுகிறவர்கள் மணமாகாத பெண்கள். ஒருத்தியை ஒருத்தி எழுப்புகிறார்கள், கிண்டல் செய்கிறார்கள், நீராடுகிறார்கள். வரப்போகும் கணவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போடுகிறார்கள். பரிதாபம் ஓரிடத்திலும் இல்லை.

இந்தப் பெண் நம் புதுக்கவிதையில் என்ன ஆனாள்? 1970, 80களில் 'முதிர்கன்னி' என்ற பெயர் சூட்டப்பட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிறுத்தப்பட்டாள். வாடிய பூ, நரைத்த ஒற்றை முடி, வரதட்சணை. இதற்குப் படிமம் என்று பெயர் வைத்தார்கள். அச்சில் வார்த்த அனுதாபம் என்பதே சரி.

பிறர்மேல் கல்லெறிய எனக்கு யோக்யதை இல்லை. 22 வயதில் நானும் அப்படி ஒன்றை எழுதி அச்சேற்றினேன். அக்காவுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. படித்துவிட்டுக் கேட்டாள்: "ஜன்னல்ல நிக்கிறவ யாரு தம்பி? காலையில எட்டு மணி பஸ்ஸப் புடிக்கிறவளுக்கு ஜன்னல்ல நிக்க ஏது நேரம்?"

அப்பா போன பிறகு அவள் சம்பளத்தில்தான் நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தேன். அவள் கல்யாணம் தள்ளிப்போனதற்கு விதி காரணமல்ல. அந்தச் சம்பளம் வீட்டுக்கு வேண்டியிருந்தது, முக்கியமாக எனக்கு. என் கவிதையில் சம்பளம் இல்லை. பலனை அனுபவித்தவனே பார்வையாளனாக நின்று இரங்குகிறான். இந்த வகைக் கவிதைகளின் அடிப்படைப் பொய் இதுதான். பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974), எவ்வளவு மிகை இருந்தாலும், சம்பளத்தைப் பார்த்தது. சினிமாவுக்குத் தெரிந்தது கவிதைக்குத் தெரியவில்லை.

உரைநடை மேல். 'மோகமுள்'ளில் யமுனாவுக்கு வரன்கள் தட்டிப்போவதற்கான காரணத்தை ஜானகிராமன் ஜாதகத்தில் வைக்கவில்லை. மராத்தியத் தாய், பிராமணத் தகப்பன் என்ற பிறப்பில், அதாவது ஜாதியில் வைத்தார். ஆனாலும் யமுனாவை நாம் பெரும்பாலும் பாபுவின் கண்வழியே பார்க்கிறோம். காத்திருப்பு அவளுடையது, நாவல் அவனுடையது.

பெருமாள்முருகனின் 'கங்கணம்' (2007) கேள்வியையே புரட்டிப் போடுகிறது. பெண் கிடைக்காமல் அலைகிறவன் முப்பத்தைந்து வயது மாரிமுத்து, கொங்குப் பகுதி விவசாயி. பெண் குழந்தை வேண்டாம் என்று ஒரு தலைமுறை போட்ட கணக்கு அடுத்த தலைமுறை ஆணின் தலையில் விடிகிறது. நாவல் யாரிடமும் கண்ணீர் கேட்கவில்லை, காரணத்தைக் காட்டுகிறது.

சட்டம் பெண்ணின் கல்யாண வயதை 1929-ல் 14 என்றது, 1978-ல் 18 ஆக்கியது. அதற்குமேல் தள்ளிப்போடுவது படிப்பும் வேலையும் குடும்பக் கணக்கும். சில இடங்களில் பெண்ணின் சொந்த விருப்பமும். ஜப்பானில் 2020 கணக்கெடுப்பின்படி ஐம்பது வயதுவரை மணமாகாதவர்கள் ஆண்களில் ஏறக்குறைய 28 சதவீதம், பெண்களில் 18. இத்தனை பேருக்கு ஜன்னல் கட்டித் தருவது கவிஞனின் வேலையல்ல.

சென்ற மார்கழியில் அக்காவோடு மலை சுற்றினேன். மாணிக்கவாசகர் கோயிலில் நான் கால்வலிக்கு உட்கார்ந்தேன். அவள் நிற்காமல் முன்னால் போய்விட்டாள். அந்தக் கவிதையை நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கப் போவதில்லை. அது பிராயச்சித்தமாகாது. அவள் சம்பளத்தைப் பற்றி எழுத வேண்டிய கவிதை இன்னும் எனக்கு வரவில்லை.