எடை பார்த்துப் பிடிபடும் பிறழ்வு

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்தால் அரிவாள் செல் மரபணு என்று பொருள். 1950களில் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் புரதத்தைத் துண்டாக்கிக் காகிதத்தில் ஓடவிட்டுத்தான் இந்த வித்தியாசத்தைப் பிடித்தார். இன்று நிறை நிறமாலைமானி எடை போட்டே சொல்லிவிடுகிறது. மூலக்கூறு எடையின் அலகான டால்டனில், இயல்பான சங்கிலி ஏறத்தாழ 15,867. பிறழ்ந்தது அதைவிட 30 டால்டன் குறைவு.

பெரிய மூலக்கூறைச் சிதையாமல் மின்னேற்றிப் பறக்கவிடும் வழி பிறந்த பிறகே இது கைகூடியது. அதற்காக 2002இல் வேதியியல் நோபலில் பங்கு பெற்றவர்களில் ஒருவர் ஜப்பானியப் பொறியாளர் கொய்ச்சி தனாகா. முனைவர் பட்டம்கூட இல்லாதவர்!

ஆனால், எடையை நம்பும் கருவிக்கு எடை அவ்வளவாக மாறாத பிறழ்வு கண்ணில் படாது. ஹீமோகுளோபின் இ-யில் 26ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலம் லைசினாகிறது; வித்தியாசம் ஒரே டால்டன். முழுப் புரதத்தை நிறுத்தால் இரண்டு முகடுகளும் ஒன்றாகக் கலந்துவிடும். டிரிப்சின் நொதியால் வெட்டினால் குட்டு வெளிப்படும்: லைசின் உள்ள இடத்தில் டிரிப்சின் வெட்டுவதால், பழைய துண்டு இரண்டாகிவிடும். அதாவது எடையைவிட வெட்டுதான் இங்கே துப்புக் கொடுக்கிறது. பீட்டா தலசீமியாவில் சிக்கல் இன்னும் ஆழம். அதில் பெரும்பாலும் சங்கிலியின் உருவம் மாறாது, உற்பத்திதான் குறையும். ஒரு பெற்றோரிடமிருந்து அரிவாள் செல்லையும் மற்றவரிடமிருந்து பீட்டா சங்கிலியே உண்டாக்காத தலசீமியாவையும் பெற்ற குழந்தை, கருவிக்கு இருபுறமும் அரிவாள் செல் பெற்ற குழந்தையாகவே தெரியும். பெற்றோரின் ரத்தத்தையோ டிஎன்ஏவையோ பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

டிஎன்ஏவையே நிறுக்கும் முறையும் உண்டு. அடினினுக்குப் பதில் தைமின் வந்தால் வித்தியாசம் 9 டால்டன்தான்; ஒட்டிக்கொள்ளும் சோடியமோ 22 டால்டனைக் கூட்டிக் குழப்பும். தேடும் இடம் முன்பே தெரிந்திருக்கவும் வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கருவி யாருக்குத் தேவை? நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் இருப்பது 1952இலேயே பதிவானது. 2023இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம் 2047ஐ இலக்காக வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு முதற்கட்டமாக மலிவான கரைதிறன் சோதனை போதும். கோடி ரூபாய்க் கருவி அங்கே வீண் ஆடம்பரம். பச்சிளங்குழந்தையிடம் நிலைமை வேறு. கரு ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் கரைதிறன் சோதனை கைவிட்டுவிடும். குதிகாலில் குத்தி எடுத்துக் காகிதத்தில் உலர்த்திய ரத்தப் புள்ளியை, வளர்சிதை மாற்றக் கோளாறுகளுக்காக ஏற்கெனவே இக்கருவியை ஓட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால், கூடுதல் செலவு சொற்பம்.